பைத்தானின் இம்போர்ட்லிப்: சேலம் கொலுசுப் பட்டறைகளில் ஒன்றரை வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியோடு கூடவே வரும், பெயரைச் சொன்னால் புரோகிராம் ஃபைலை ஏற்றித் தரும் இம்போர்ட்லிப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். காசு கொடுத்து வாங்கும் பொருள் இல்லை, தனியாக இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம், ஆனாலும் ஒன்றரை வருடமாக என் பிழைப்பே இதன்மேல்தான் ஓடுகிறது. அதனால் மிக்ஸி வாங்கியவர்கள் மிக்ஸியைப் பற்றி எழுதுகிற மாதிரி, எங்கே நன்றாக ஓடுகிறது, எங்கே மக்கர் செய்கிறது என்று நேராகவே எழுதிவிடுகிறேன்.

இது எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று முதலில் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் இருக்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குப் பில் போடும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் வேலை. கொலுசைத் தராசில் வைத்ததும் எடை தானாகக் கம்ப்யூட்டருக்கு வந்து, டச் (வெள்ளியின் தரம்), சேதாரம், கூலி எல்லாம் கணக்காகி, வெள்ளிக்கு உண்டான 3 சதவீத ஜிஎஸ்டியோடு பில் வரவேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பட்டறைக்குப் பட்டறை தராசு வேறு. எல்லாத் தராசும் சீரியல் ஒயர் வழியாகத்தான் எடையை அனுப்புகிறது, அனுப்பும் விதம்தான் ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஒன்று கூட்டல் குறி போட்டு எண்ணை அனுப்பும், இன்னொன்று நாம் கேட்டால்தான் அனுப்பும். ஒரு வகை இருக்கிறது, அது எண்ணைப் பின்னாலிருந்து முன்னாலாகத் திருப்பி அனுப்பும். 62.40 கிராம் கொலுசை வைத்தால் 04.26 என்று வந்து நிற்கும். கணக்கும் அப்படித்தான்: கூலியைச் சிலர் கிலோவுக்குப் பேசுவார்கள், சிலர் ஜோடிக்கு, மெட்டிக்கு ஒரு விதம், அரைஞாணுக்கு வேறு விதம்.

ஆரம்பத்தில் இதையெல்லாம் ஒரே ஃபைலில் "இந்தத் தராசா, அப்படியானால் இது, அந்தத் தராசா, அப்படியானால் அது" என்று இஃப், எல்இஃப் போட்டு அடுக்கிக்கொண்டே போனேன். அந்த ஒரு ஃபங்ஷன் மட்டும் 400 வரியைத் தாண்டியது. ஒரு பட்டறைக்காக ஒரு வரியை மாற்றினால் இன்னொரு பட்டறையில் பில் நின்றுவிடும். அப்புறம்தான் ஒவ்வொரு தராசுக்கும் ஒரு தனி ஃபைல் (இதைத்தான் டிரைவர் என்கிறேன்), அதில் அந்தத் தராசைப் படிக்கும் விதத்தைச் சொல்லும் அச்சு மாதிரி ஒரு கிளாஸ், எந்தப் பட்டறைக்கு எது என்பது கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி என்று பிரித்தேன். புரோகிராம் ஓட ஆரம்பித்த பிறகு அந்த வரியைப் படித்து, அதில் இருக்கும் பெயரை வைத்து மாட்யூலை (பைத்தானில் ஒரு ஃபைல் ஒரு மாட்யூல்) ஏற்றி, உள்ளே இருக்கும் கிளாஸை எடுத்து, அந்த அச்சில் இருந்து ஓர் ஆப்ஜெக்ட் உண்டாக்க வழி செய்வதுதான் இம்போர்ட்லிப்பிடம் நான் வாங்கும் வேலை.

வேலை செய்யும் முறை சுலபம், இதில் முழு மார்க். இம்போர்ட் மாட்யூல் என்ற ஃபங்ஷனுக்குப் பெயரை வெறும் எழுத்துச் சரமாகக் கொடுத்தால் மாட்யூல் கையில் வந்துவிடும். கெட்ஆட்டர் என்பதற்கு அந்த மாட்யூலையும் கிளாஸின் பெயரையும் கொடுத்தால் கிளாஸ் வரும். பைத்தானில் கிளாஸும் ஒரு மதிப்புதான், எண்ணைப் போல எழுத்தைப் போல ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்ளலாம், பின்னால் அடைப்புக்குறி போட்டு அழைத்தால் ஆப்ஜெக்ட் தயார். மூன்றே வரி. போர்ட் எண், வேகம் மாதிரி தராசுக்குத் தராசு மாறும் விவரங்களை ஒரு டிக்‌ஷனரியில் வைத்து, இரண்டு நட்சத்திரம் போட்டு அப்படியே உள்ளே தள்ளிவிடலாம். கான்ஃபிக்கில் அந்த விவரங்களில் ஒன்றின் பெயர் தப்பாக இருந்தால் அந்த இடத்திலேயே டைப்எரர் வந்து நிற்கும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் தப்பான விவரத்தோடு ஓடும் தராசை விட ஓடாத தராசு எவ்வளவோ மேல்.

வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு முறை ஏற்றிய மாட்யூலை பைத்தான் சிஸ் மாட்யூல்ஸ் என்ற டிக்‌ஷனரியில் வைத்துக்கொள்கிறது, இரண்டாம் முறை கேட்டால் அதிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும்.

இதற்கு முன்னால் நான் இரண்டு வழி பார்த்திருக்கிறேன். முதலாவது, இரண்டு பக்கமும் அண்டர்ஸ்கோர் போட்ட பழைய இம்போர்ட் ஃபங்ஷன். அதில் "தராசு புள்ளி சிவப்பு" என்று கேட்டால் சிவப்பு என்ற மாட்யூலைத் தராது, அதை உள்ளே வைத்திருக்கும் தராசு பேக்கேஜைத்தான், அதாவது மேலே இருக்கும் ஃபோல்டரைத்தான் தரும். எரர் வருவதோ அதற்கு அடுத்த வரியில், கிளாஸைத் தேடும்போது, "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று. இது தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க ஃபைல் பெயரைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இம்போர்ட் மாட்யூல் நாம் கேட்ட கடைசி மாட்யூலையே தரும், அந்த ஒரு காரணம் போதும் மாறுவதற்கு. இரண்டாவது, இம்ப் என்ற பழைய மாட்யூல். ஒரு பட்டறையில் புது கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள், நானும் புது பைத்தானாகப் போட்டுக் கொடுப்போம் என்று 3.12 போட்டேன், சாஃப்ட்வேர் திறக்கவே இல்லை. இம்ப்பை 2014-இல் வந்த 3.4-லேயே கைவிடப்போவதாக எச்சரித்து, 2023-இல் வந்த 3.12-இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். எச்சரிக்கையைப் பார்க்காதது என் தவறு. இம்போர்ட்லிப் 2009-இல் 3.1-இல் வந்தது, 2012-இல் வந்த 3.3-இலிருந்து பைத்தானின் சாதாரண இம்போர்ட் வாக்கியமே உள்ளுக்குள் இதன்மேல்தான் ஓடுகிறது. அதனால் இது நாளைக்குக் காணாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கு இல்லை.

சரி, மக்கர் செய்த இடங்களுக்கு வருகிறேன். முதலில் தமிழில் எழுதுகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, இதை வேறு எங்கும் நான் படித்ததில்லை.

பைத்தான் 3-இல் கிளாஸுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கணக்குப் போடும் கிளாஸ்களுக்கு நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்: மெட்டி, அரைஞாண், கொலுசு. பட்டறைக்காரர் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பார்த்தாலும் அவருக்கே புரிய வேண்டும் என்று ஆசை. மெட்டி வேலை செய்தது, அரைஞாண் வேலை செய்தது, கொலுசு மட்டும் "மாட்யூலில் கொலுசு என்ற பெயர் இல்லை" என்று எரர். மாட்யூலைத் திறந்தால் கண்ணுக்கு எதிரே கிளாஸ் கொலுசு என்று இருக்கிறது. கான்ஃபிக்கிலும் கொலுசு. எரர் செய்தியிலும் கொலுசு. மூன்றையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. கடைசியில் லென் போட்டு எழுத்தை எண்ணிப் பார்த்தபோதுதான் கான்ஃபிக்கில் இருக்கும் கொலுசு ஒன்று கூடுதலாக இருப்பது தெரிந்தது.

விஷயம் கொம்பில் இருக்கிறது. கொ என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது முன்னால் வரும் ஒற்றைக் கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனிக் குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றேதான். பட்டறைக்காரரின் பொருள் பட்டியல் பழைய ஃபாண்டில் இருந்து யூனிகோடுக்கு மாற்றிய ஃபைல், அதிலிருந்து காப்பி செய்து ஒட்டியதால் கான்ஃபிக்கில் கொம்பும் காலும் தனித்தனியாக வந்துவிட்டன. நாம் எழுதும் புரோகிராமைப் படிக்கும்போது பைத்தான் எல்லாப் பெயர்களையும் என்எஃப்கேசி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது, அதில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகிவிடும். ஆனால் கெட்ஆட்டருக்கு நாம் கொடுக்கும் எழுத்துச் சரத்தை அப்படி மாற்றாது, கொடுத்ததைக் கொடுத்தபடியே தேடும். மெட்டியிலும் அரைஞாணிலும் இந்த இரட்டைக் குறி இல்லை, அதனால் அவை தப்பித்தன. கொலுசு, மோதிரம், தோடு என்று ஒகர ஓகாரம் வரும் பெயர் எதுவானாலும் மாட்டும்.

தீர்வு ஒரே வரி: கான்ஃபிக்கில் இருந்து படித்ததும் யூனிகோட்டேட்டா மாட்யூலில் இருக்கும் நார்மலைஸ் ஃபங்ஷனால் என்எஃப்கேசி வடிவத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம் கெட்ஆட்டருக்குக் கொடுக்க வேண்டும். இதை இம்போர்ட்லிப்பின் குறை என்று சொல்ல மாட்டேன், அது சம்பந்தப்படவே இல்லை. ஆனால் இம்போர்ட்லிப்பை நம்பி தமிழில் பெயர் வைக்கிற ஒவ்வொருவரும் ஒரு நாள் இந்தக் கொம்பில் முட்டிக்கொள்வார்கள் என்பது நிச்சயம். ஃபைல் பெயர்களை மட்டும் இன்றுவரை ஆங்கில எழுத்திலேயே வைத்திருக்கிறேன், கிளாஸ் பெயர்கள் தமிழில்.

அடுத்த பிரச்சினை இதைவிடப் பெரிது, எல்லா மொழிக்காரர்களுக்கும் பொது. டிரைவர் ஃபைல் இல்லாவிட்டால் இம்போர்ட் மாட்யூல் மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர் தரும். நானும் அதைப் பிடித்து, "இந்தத் தராசுக்கு டிரைவர் இல்லை" என்று திரையில் அழகாகத் தமிழில் காட்டினேன். ஒரு பட்டறையில் இருந்து போன் வந்தது. "தம்பி, டிரைவர் இல்லைன்னு வருது, நேத்துதானே போட்டுக் கொடுத்தீங்க?" என்றார். "இருக்குங்கண்ணா, ஃபோல்டரைத் திறந்து பாருங்க" என்றேன். பார்த்தார், ஃபைல் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால், டிரைவர் ஃபைல் ஏறத்தான் செய்திருக்கிறது, அதன் முதல் வரியில் சீரியல் போர்ட்டுக்கான மாட்யூலை அது கேட்டபோது அது அந்த கம்ப்யூட்டரில் இல்லை, அதற்கும் இதே எரர்தான் வரும். நான் இரண்டையும் ஒன்றாகப் பிடித்துத் தப்பான செய்தியைக் காட்டியிருக்கிறேன். அந்த எரர் ஆப்ஜெக்ட்டில் நேம் என்று ஒன்று இருக்கிறது, எந்த மாட்யூல் கிடைக்கவில்லை என்று அது சரியாகச் சொல்லும். அது நான் கேட்ட டிரைவரின் பெயராக இருந்தால் மட்டும் "டிரைவர் இல்லை", வேறு பெயராக இருந்தால் எரரை அப்படியே மேலே விட்டுவிட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் சேர்த்த பிறகு போன் பாதியாகக் குறைந்தது.

இதோடு ஒட்டிய இன்னொன்று: சீரியல் போர்ட்டுக்கு நிறுவ வேண்டிய பேக்கேஜின் பெயர் பைசீரியல், புரோகிராமில் இம்போர்ட் செய்யும் பெயர் சீரியல். பைத்தான் பேக்கேஜ்களை நிறுவித் தரும் பிப்பில் சீரியல் என்ற பெயரிலேயே சம்பந்தமே இல்லாத வேறொரு பேக்கேஜும் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் இம்போர்ட் எந்தத் தடையும் இல்லாமல் நடக்கும், போர்ட்டைத் திறக்கும்போதுதான் அப்படி ஒரு கிளாஸ் இல்லை என்று வரும். தராசு வேலைக்கு வருகிறவர்கள் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி ரீலோட், அதாவது ஏற்கெனவே ஏற்றிய மாட்யூலை மறுபடி ஏற்றும் ஃபங்ஷன். இதற்கு நான் மார்க்கே கொடுக்க மாட்டேன், உங்களையும் தொட வேண்டாம் என்றுதான் சொல்வேன். எண்ணைத் திருப்பி அனுப்பும் தராசை முதன்முதலில் பார்த்தது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறையில். தீபாவளிக்கு முந்தைய வாரம், கவுண்டரில் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள், ஒரு ஜோடிக் கொலுசைத் தட்டில் வைத்தார், தராசின் சிவப்பு எழுத்தில் 62.40, திரையில் 4.26. "என்ன தம்பி, வெள்ளி கரைஞ்சு போச்சா?" என்று கேட்டார். சாஃப்ட்வேரை மூடித் திறக்க வேண்டாம், பாதி பில்கள் திறந்திருக்கின்றன என்று, டிரைவர் ஃபைலில் எண்ணைத் திருப்பும் வரியைச் சேர்த்துவிட்டு ரீலோட் செய்தேன். எரர் எதுவும் இல்லை. கொலுசை எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் 4.26.

ரீலோட் மாட்யூலுக்குள் இருக்கும் வரிகளை மறுபடி ஓட்டிப் புது கிளாஸை உண்டாக்கும், அவ்வளவுதான். காலையில் கடை திறந்தபோது உண்டான ஆப்ஜெக்ட் பழைய கிளாஸையே பிடித்துக்கொண்டிருக்கும், அதற்குப் புது வரி தெரியாது. வேறு ஃபைல்கள் ஃப்ரம் போட்டு எடுத்து வைத்திருக்கும் கிளாஸும் பழையதுதான். இன்னும் மோசம், பழைய ஆப்ஜெக்ட் புது கிளாஸைச் சேர்ந்ததா என்று இஸ்இன்ஸ்டன்ஸ் கேட்டால் இல்லை என்று வரும், இரண்டுக்கும் பெயர் ஒன்றே. ஆப்ஜெக்ட்டை மறுபடி உண்டாக்கினால் சரியாகும்தான், ஆனால் பழைய ஆப்ஜெக்ட் சீரியல் போர்ட்டைத் திறந்து வைத்திருப்பதால் புதியதற்குப் போர்ட் கிடைக்காது. கடைசியில் பில்களைச் சேமித்து, மூடித் திறந்து, 62.40 வந்த பிறகுதான் மூச்சு வந்தது. அன்றோடு முடிவு செய்துவிட்டேன்: டிரைவர் மாறினால் மூடித் திறக்க வேண்டும், அதற்கு ஏற்ற மாதிரி பாதி பில்லைத் தானாகச் சேமித்துக்கொள்ளும் வசதியை எழுதினேன். அதற்குச் செலவான இரண்டு நாள் ரீலோடோடு போராடியதை விட எவ்வளவோ பயனுள்ள இரண்டு நாள்.

மூடாமலேயே புது ஃபைலை ஏற்ற வேண்டிய நிலை உங்களுக்கு இருந்தால், புரோகிராம் ஓடும்போதே உருவான ஃபைலுக்கு இன்வாலிடேட் கேஷஸ் என்பதை முதலில் அழையுங்கள். ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்பதை பைத்தான் நினைவில் வைத்துக்கொள்வதால், இப்போதுதான் வந்த ஃபைல் சில சமயம் அதன் கண்ணில் படாது.

இந்தப் பொருளைப் பற்றி நான் சொல்ல நினைக்கிற முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சாதாரணமாக மேலே இம்போர்ட் என்று எழுதினால், தப்பு இருந்தால் புரோகிராம் திறக்கும்போதே தெரிந்துவிடும். இம்போர்ட்லிப்பால் பெயரை வைத்து ஏற்றும்போது அந்தத் தப்பு, ஏற்றச் சொல்லும் நேரம் வரைக்கும் காத்திருக்கும். மெட்டிக் கணக்கு கிளாஸில் தப்பு என்றால் அன்று முதல் மெட்டி விற்கும் வரைக்கும் யாருக்கும் தெரியாது, விற்கும்போதோ வாடிக்கையாளர் எதிரே நிற்பார். எடிட்டரும் உதவாது. ஒரு நாள் எடிட்டரில் ஒரு கிளாஸின் பெயரை மாற்றினேன், புரோகிராம் முழுக்க அது சரியாக மாற்றிக் கொடுத்தது, கான்ஃபிக் ஃபைலில் எழுத்துச் சரமாக இருந்ததை மட்டும் அது தொடவில்லை, அது எப்படித் தொடும்? மறுநாள் காலை இரண்டு பட்டறையில் தராசு இல்லை.

அதனால் நான் இப்போது செய்வது, காலையில் கடை திறந்து சாஃப்ட்வேரை ஏற்றும் அந்த நிமிஷத்திலேயே கான்ஃபிக்கில் இருக்கும் அத்தனை பெயரையும் ஏற்றிப் பார்த்துவிடுவது. ஏற்றினால் மட்டும் போதாது, இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்லா டிரைவருக்கும் பொதுவாக ஏபிசி மாட்யூலை வைத்து ஒரு தாய் கிளாஸ் எழுதியிருக்கிறேன், எடையைப் படிக்கும் ஃபங்ஷன் கட்டாயம் இருக்க வேண்டும் என்று. ஒரு டிரைவரில் அந்த ஃபங்ஷன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. மாட்யூல் ஏறியது, கிளாஸ் கிடைத்தது, தாய் கிளாஸின் பிள்ளையா என்று இஸ்சப்கிளாஸ் கேட்டால் ஆமாம் என்றது. ஆப்ஜெக்ட்டை உண்டாக்கும்போதுதான் டைப்எரர். ஆகவே காலையிலேயே ஆப்ஜெக்ட் வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்க வேண்டுமானால் ஆப்ஜெக்ட் உண்டாகும்போதே போர்ட்டைத் திறக்கக் கூடாது, தராசை இன்னும் ஸ்விட்ச் போட்டிருக்க மாட்டார்கள். உண்டாக்குவது தனி, திறப்பது தனி என்று எல்லா டிரைவரையும் மாற்றி எழுதினேன். இப்போது ஏதாவது தப்பு என்றால் காலை 9 மணிக்கு, கூட்டம் சேர்வதற்கு முன்னால் சிவப்பாக வந்து நிற்கும். எனக்கும் அந்த நேரத்தில் போன் எடுக்க முடியும்.

பாதுகாப்பு விஷயத்தில் யாரும் அலட்சியமாக இருக்காதீர்கள். மாட்யூலின் பெயரும் கிளாஸின் பெயரும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது, அந்த ஃபைல் கவுண்டர் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதில் யார் யாரோ பென் டிரைவ் செருகுகிறார்கள். எந்தப் பெயர் கொடுத்தாலும் ஏற்றுவேன் என்று எழுதிவைத்தால், ஓஎஸ் மாட்யூலின் பெயரையும் அதில் இருக்கும் சிஸ்டம் ஃபங்ஷனின் பெயரையும் எழுதிவிட்டு எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். ஏற்றிய பிறகு கிளாஸ்தானா என்று சோதிப்பது இதற்குப் போதாது, ஏற்றும்போதே அந்த ஃபைலின் வரிகள் ஓடி முடிந்திருக்கும். சோதனை ஏற்றுவதற்கு முன்னால் நடக்க வேண்டும். என் சாஃப்ட்வேர் தராசு, கணக்கு என்ற இரண்டு பேக்கேஜுக்குள் இருப்பதை மட்டும்தான் ஏற்றும், பெயரில் வேறு புள்ளி வந்தால் தள்ளிவிடும், அந்த ஃபோல்டர்களில் எழுதும் அனுமதி முதலாளியின் லாகினுக்கு மட்டும். பட்டறைக் கணக்கு என்பது வெள்ளிக் கணக்கு, இதில் விளையாட முடியாது.

பைஇன்ஸ்டாலர் வைத்து புரோகிராம் முழுவதையும் ஒரே இஎக்ஸ்இ ஃபைலாக ஆக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இம்போர்ட் வாக்கியங்களைப் படித்துத்தான் எந்தெந்த மாட்யூல் தேவை என்று கண்டுபிடிக்கிறது, கான்ஃபிக் ஃபைலில் எழுத்துச் சரமாக இருக்கும் பெயர் அதற்குத் தெரியாது. ஹிட்டன் இம்போர்ட் என்று தனியாகச் சொல்ல வேண்டும். டிரைவர்களை வெளியே ஒரு ஃபோல்டரில் வைத்தாலும், அந்த டிரைவருக்குத் தேவைப்படும் மற்ற மாட்யூல்கள் இஎக்ஸ்இக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பைத்தானோடு வரும் மாட்யூலாக இருந்தாலும், வேறு எங்கும் பயன்படுத்தாததாக இருந்தால் உள்ளே சேர்ந்திருக்காது.

ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்து ஏற்றும் வழியும் இதில் இருக்கிறது, ஸ்பெக் ஃப்ரம் ஃபைல் லொக்கேஷன் என்று தொடங்கி மூன்று படி. வேலை செய்கிறது, ஆனால் சிஸ் மாட்யூல்ஸில் நாமே சேர்த்து, அடுத்த முறை அதிலிருந்தே எடுக்காவிட்டால், இரண்டாம் முறை ஏற்றும்போது அதே கிளாஸுக்கு இன்னொரு பிரதி உண்டாகி, ரீலோடில் சொன்ன அதே குழப்பம் வரும். பேக்கேஜுக்குள் வைத்துப் பெயரால் ஏற்றுவதுதான் நிம்மதி. நிறுவிய பேக்கேஜ்கள் தங்கள் கிளாஸ்களைப் பெயர் சொல்லிப் பதிந்துவைக்கும் என்ட்ரி பாயிண்ட்ஸ் என்ற வசதி 3.8-இலிருந்து இம்போர்ட்லிப் மெட்டாடேட்டாவில் இருக்கிறது, பல பேர் தனித்தனியாக பேக்கேஜ் எழுதிப் பிப்பில் நிறுவும் இடத்துக்கு அது அருமையான ஏற்பாடு. ஒருவரே எல்லாவற்றையும் எழுதும் என்னைப் போன்றவர்களுக்குத் தேவைக்கு மேல்.

இன்னொன்றும் மனதார சொல்ல வேண்டும். உங்களிடம் இருப்பது நாலைந்து கிளாஸ்தான், அவையும் அடிக்கடி மாறாது என்றால் இம்போர்ட்லிப் உங்களுக்கு வேண்டாம். எல்லாவற்றையும் மேலேயே சாதாரணமாக இம்போர்ட் செய்துவிட்டு, பெயரில் இருந்து கிளாஸுக்கு ஒரு டிக்‌ஷனரி போட்டால் போதும், எடிட்டருக்கும் புரியும், பைஇன்ஸ்டாலருக்கும் புரியும், மேலே சொன்ன தலைவலி ஒன்றும் வராது. போன மாதம் பாலிடெக்னிக் முடித்த ஒரு பையன், மூன்று வகைப் பில்லுக்கு இதைப் போடலாமா என்று கேட்டான், அவனுக்கும் இதையேதான் சொன்னேன். நம்மிடம் இல்லாத, இன்னும் எழுதாத ஒரு ஃபைல் வெளியில் இருந்து வந்து சேர வேண்டும் என்ற தேவை இருக்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று ரீலோடுக்காக.

எனக்கு அந்த அருமை தெரிந்தது போன சீசனில், ஏற்காட்டில். அங்கே ஒரு காபித் தோட்டத்துக்கும் இதே சாஃப்ட்வேரைத்தான் மாற்றிக் கொடுத்திருக்கிறேன், பறிக்கிறவர்கள் சாக்கில் கொண்டுவரும் பழத்தை எடை போட்டு ஆளுக்கு எவ்வளவு என்று பதிய வேண்டும். முன்பெல்லாம் அங்கே தராசில் ஏதாவது என்றால் சேலத்தில் இருந்து பைக்கை எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏற வேண்டும், போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும், பனி இறங்கினால் திரும்புவதும் சிரமம். அன்றைக்கு மாலை 4 மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். பழைய தராசு பழுதாகி வேறு ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள், எடை வரவில்லை, பறித்தவர்கள் சாக்கோடு வரிசையில் நிற்கிறார்கள். தராசு அனுப்புவதை அப்படியே திரையில் காட்டும் ஒரு பக்கம் சாஃப்ட்வேரில் இருக்கிறது, அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது, எண்ணைத் திருப்பி அனுப்பும் வகை, வேகம் மட்டும் 2400. செவ்வாய்ப்பேட்டைக்கு எழுதிய கிளாஸுக்குக் கீழே பிள்ளையாக ஒரு கிளாஸ், மொத்தம் 11 வரி. ஃபைலை மெயிலில் அனுப்பினேன். "ஃபோல்டர்ல போட்டுட்டு, கான்ஃபிக்ல பேரை மாத்திட்டு, மூடித் திறங்க சார்" என்றேன். போனை வைக்காமலே செய்தார். கீபோர்ட் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை, அப்புறம் பின்னால் யாரோ ஒரு அம்மா சாக்கைத் தட்டில் போடும் சத்தம். "நாப்பத்தொண்ணரை" என்று தராசைப் பார்த்துப் படித்தார் மேனேஜர். "திரையில?" என்று கேட்டேன்.

"41.50. அடுத்த ஆள் வரலாம்னு சொல்லட்டுமா?"